எழுதி வைக்காதவர்களுக்கு வரலாறு இல்லையா?

'வரலாற்றுக்கு முந்தைய காலம்' என்ற சொற்றொடர் பள்ளியில் படித்த நாளிலிருந்தே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. மனிதர்கள் இருந்தார்கள், வேட்டைக்குப் போனார்கள், பிள்ளை வளர்த்தார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். ஆனாலும் அவர்கள் வரலாற்றுக்கு 'முந்தையவர்கள்'. எழுதி வைக்கவில்லை என்பது மட்டும்தான் காரணம். நண்பர் ஒருவரோடு இதைப் பற்றி ஒருநாள் இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். "எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்?" என்றார். சரி, கோடு வேண்டும்தான். அதை எங்கே போட்டிருக்கிறோம் என்று கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம்.

மெசபடோமியாவில் உருக் நகரத்து மக்கள் கி.மு. 3300 வாக்கில் ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் குறிகளை அழுத்தி வைக்கத் தொடங்கினார்கள். உள்ளங்கையில் அடங்கும் பலகைகள். அந்தத் தொடக்க காலப் பலகை ஒன்றில் இருப்பது இவ்வளவுதான்: 29,086 அளவு வாற்கோதுமை, 37 மாதம், 'குஷிம்'. குஷிம் என்பது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்பதே இன்னும் தீரவில்லை. பியர் காய்ச்சுகிற இடத்துத் தானியக் கணக்கு அது. மனித குலத்தின் மிகப் பழைய எழுத்துகளைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது இப்படிக் கிடங்குக் கணக்குதான். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பாக்கி என்று மறந்துபோகாமல் இருக்கத்தான் எழுத்து வந்தது. வருங்காலத்துக்கு எதையாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்ற நினைப்பே அதில் தெரியவில்லை.

முன்னால் நடந்ததைக் கோவையாகச் சொல்ல அந்த எழுத்துக்கு இன்னும் பல நூறு ஆண்டுகள் பிடித்தன. கி.மு. 2400 வாக்கில் லகாஷ் நகரத்து அரசன் என்மெத்தேனா ஒரு களிமண் கூம்பில் பழைய கதையை எழுத வைத்தான். பக்கத்து ஊர் உம்மாவோடு தலைமுறை தலைமுறையாக இருந்த எல்லைத் தகராறு. கிஷ் அரசன் மெசிலிம் நிலத்தை அளந்து கல் நட்டான், உம்மாவின் தலைவன் அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டு உள்ளே வந்தான் என்று போகிறது. இதைத்தான் முதல் வரலாற்று எழுத்து என்று சிலர் சொல்கிறார்கள். ஊன்றிப் படித்தால் அது வரப்புத் தகராறில் ஒரு தரப்பு கொடுத்த வாக்குமூலம்! அப்படியானால் வரலாறு எப்போது தொடங்கியது? குஷிமின் கணக்கிலா, என்மெத்தேனாவின் வழக்கிலா? இரண்டுக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன.

என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைப்பது 1952ஆம் ஆண்டு. அந்த ஆண்டில்தான் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற கட்டடக் கலைஞர், கிரீட் தீவிலும் கிரேக்க நாட்டிலும் கிடைத்த 'லீனியர் பி' பலகைகளில் இருப்பது கிரேக்க மொழியின் பழைய வடிவம் என்று கண்டுபிடித்தார். அந்தப் பலகைகளை எழுதி, அதுவரை ஊமைகளாக இருந்த மைசீனிய மக்கள் திடீரென்று பேசினார்கள். அதே ஆண்டில் யூரி க்னோரோசோவ் என்ற சோவியத் அறிஞர், மத்திய அமெரிக்காவின் பழைய மாயா மக்களுடைய எழுத்தைப் படிக்க வழி காட்டினார். ஆனால் அந்த மக்கள் வாழ்ந்த வாழ்க்கையில் 1952இல் எதுவும் மாறிவிடவில்லையே! மாறியது நம் அறிவு மட்டும்தான். சிந்துவெளி எழுத்தை இன்றும் யாரும் ஐயமறப் படித்துக் காட்டவில்லை. அதனால் அவர்களை இந்தப் பக்கமும் சேர்க்காமல் அந்தப் பக்கமும் தள்ளாமல் நடுவில் உட்கார வைத்திருக்கிறோம். நமக்குப் படிக்கத் தெரியாததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

எழுதினாலும் அது பிழைத்து வருவது யார் கையிலும் இல்லை. அந்த மைசீனியப் பலகைகள் சூளையில் வைக்காத பச்சைக் களிமண். மழை பட்டால் கரைந்துவிடும். அரண்மனைகள் தீப்பிடித்து எரிந்தபோது வெந்து இறுகியதால்தான் நம் கைக்கு வந்தன. எரியாமல் தப்பிய ஊர்களின் கணக்கெல்லாம் மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும்.

நண்பர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எலும்பைச் சோதித்து ஒருவர் என்ன சாப்பிட்டார் என்று சொல்லலாம். அவரை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பெயரும் பேச்சும் எழுத்து வழியாகத்தான் வருகின்றன. எழுத்தால் வந்த அந்த மாற்றத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எழுத்தை அப்படியே நம்பவும் முடியாது. எகிப்தின் இரண்டாம் ராம்சேஸ் காதேஷ் போரில் தனியாளாக நின்று எதிரியைச் சிதறடித்ததாகக் கோயில் சுவர்களில் செதுக்கி வைத்தான். எதிர்த்தரப்பான ஹிட்டைட்டுகளின் ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான், காதேஷ் நகரம் அவன் கைக்கு வரவே இல்லை என்பது உறுதியானது. எழுதியிருந்ததால் மட்டும் அது வரலாறாகிவிடவில்லை. ஒருவர் சந்தேகப்பட்டு, குறுக்கு விசாரணை செய்து, ஒத்துப் பார்த்ததால் வரலாறானது. பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் தன் நூலைத் தொடங்கும்போது எழுதிய 'ஹிஸ்டோரியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் விசாரணை என்றுதான் பொருள். நம் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: வரல், ஆறு. வந்த வழி. இரண்டு சொல்லிலும் எழுத்து என்ற நிபந்தனை எங்கே இருக்கிறது?

1963இல் ஹியூ டிரெவர்-ரோப்பர் என்ற ஆக்ஸ்போர்டு பேராசிரியர், ஆப்பிரிக்காவில் இருப்பது ஐரோப்பியர்களின் வரலாறு மட்டும்தான், மற்றதெல்லாம் இருள் என்று பேசினார். ஒரு கண்டத்தையே இப்படித் தள்ளிவைக்க அந்தக் கோடு வசதியாக இருந்திருக்கிறது. அதனால்தான் இதை வெறும் சொல் பிரச்சினை என்று என்னால் விட முடியவில்லை. 'எழுத்துக்கு முந்தைய காலம்' என்று சொல்லுங்கள், எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அது உண்மை. 'வரலாற்றுக்கு முந்தைய' என்பது உண்மை இல்லை. தடயம் இருந்து, அதைக் கேள்வி கேட்டு, பதிலைச் சரிபார்க்கவும் முடிகிற வரைக்கும் போவது வரலாறுதான் என்பது என் கருத்து. 1949இல் வில்லார்டு லிப்பியும் அவர் குழுவினரும் பழைய எலும்பு, மரக்கரி போன்றவற்றின் வயதைச் சொல்லும் கரிமக் காலக்கணிப்பைக் கொண்டுவந்தபோது, அந்த எல்லை ஒரேயடியாகப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னால் நகர்ந்தது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒயிட் சாண்ட்ஸ் என்ற இடத்தில் பழைய ஏரிப் படுகை ஒன்று இருக்கிறது. அங்கே 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலடித் தடம் ஒன்றரை கிலோமீட்டருக்கு நேராகப் போவதை 2020இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். ஒரு இளம்பெண்ணோ, வளரிளம் பருவத்துப் பிள்ளையோ, வழுக்குகிற சேற்றில் வேகமாக நடந்து போயிருக்கிறார். நடுநடுவே மட்டும் ஒரு குழந்தையின் பிஞ்சுக் காலடி பக்கத்தில் தோன்றி மறைகிறது. தூக்கிச் சுமந்தவர் அவ்வப்போது கீழே இறக்கி விட்டிருக்கிறார். அப்புறம் அதே வழியில் திரும்பி வந்த தடமும் இருக்கிறது. போனதற்கும் வந்ததற்கும் இடைப்பட்ட நேரத்தில் ஒரு மாமூத் யானையும், தரைவாழ் ஸ்லாத் என்ற, இன்று அழிந்துபோன ராட்சத விலங்கு ஒன்றும் அந்தத் தடத்தைக் குறுக்கே கடந்திருக்கின்றன. யானை பாட்டுக்குப் போய்விட்டது. ஸ்லாத் மட்டும் நின்று, பின்னங்காலில் எழுந்து, சுற்றிப் பார்த்த மாதிரி அதன் தடம் தெரிகிறது.

திரும்பி வந்த தடத்தின் பக்கத்தில் பிஞ்சுக் காலடி எங்கேயும் இல்லை. குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருக்கிறார்.