யாரப்பா இந்த நட்டை இறுக்கினது?

என்ஜின் ஒயில் மாற்றுவது ஒரு சின்ன வேலை. என்ஜினுக்குக் கீழே ஒயில் தேங்கி நிற்கிற தொட்டிதான் சம்ப். அதன் நட்டைக் கழற்றிப் பழைய ஒயிலை இறக்க வேண்டும். பில்டரை மாற்ற வேண்டும். நட்டைப் பூட்டிப் புது ஒயில் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஈரத் தரையில் மல்லாந்து கிடந்தேன். அதற்குக் காரணம் காரும் இல்லை, மழையும் இல்லை. எனக்கு முன்னால் இதில் கை வைத்த ஆள்தான்.

கார் மஸ்டா ரோட்ஸ்டர், 1989இல் வந்த முதல் வகை, 1.6 என்ஜின். பழைய சொந்தக்காரர் பாவம், காசு கொடுத்து ஒழுங்காக சர்விஸ் செய்துதான் வைத்திருந்தார். கதவோரத்தில் ஸ்டிக்கர் இருக்கிறது. எந்த சர்விஸ் ஸ்டேஷன் என்று அதில் எழுதியிருக்கிறது. பெயரை இங்கே போட மாட்டேன். அவர்கள் மட்டும் என்றால் போட்டிருப்பேன். ஹட்டனில் கேட்டாலும் வெலிமடையில் கேட்டாலும் ஆட்கள் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

இந்த நட்டுக்குக் கணக்கு இருக்கிறது. 30இலிருந்து 41 நியூட்டன் மீற்றர். சாதாரண ஸ்பானரைப் பிடித்து ஒரு கையால் அளவாக இழுத்தாலே வந்துவிடும். வீல் நட்டைக் கழற்றுகிற எயார் கன் இதைப்போலப் பத்து மடங்கு இழுக்கும். அந்தக் கன்னை எடுத்துச் சம்ப் நட்டில் வைத்து டர்ர்ரென்று அடித்திருக்கிறார்கள்! சம்ப் அலுமினியம், நட்டு இரும்பு. எது தோற்கும் என்று பட்டறையில் நிற்கிறவனுக்குத் தெரியாதா? 19 ஸ்பானரைப் போட்டால் பிடிக்கவே இல்லை, ஆறு முனையும் மழுங்கிப் போயிருந்தது. கடைசியில் குழாய் ரெஞ்சால் கவ்வித் திருப்பினேன். நட்டு வந்தது, கூடவே அலுமினிய மரையும் சுருள் சுருளாக வந்தது.

சம்ப்பையே மாற்றலாமே என்பீர்கள். இந்தக் காரில் சம்ப்பை இறக்க முன்பக்கக் கிராஸ் மெம்பரை, அதாவது குறுக்கே தாங்குகிற சட்டத்தை, இறக்க வேண்டும், என்ஜினை மேலே தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். சம்ப் கிடைக்கிறதா என்று கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை கடையாக ஏற வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, இருக்கிற பழைய வண்டி ஒவ்வொன்றும் என்ன விலைக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு நிமிஷ அவசரத்துக்காக மரையை அறுத்து வைத்திருக்கிறார்கள். இப்போது லேத் பட்டறைக்காரர் பெரிய மரை வெட்டித் தருகிறேன் என்கிறார். வெட்டும்போது விழுகிற துகள் உள்ளே போகாமல் பார்க்க வேண்டும். அந்தப் பயம் வேறு.

அந்த சர்விஸ் ஸ்டேஷனுக்கே போய்க் கேட்டேன். கன் பிடித்திருந்த பையன் சொன்னான்: “அண்ணே, லூசா விட்டா ஒழுகும். அப்புறம் எங்களத்தானே ஏசுவீங்க?”

தம்பி, ஒயிலைத் தடுப்பது உன் பலம் இல்லை, வாஷர். ஒவ்வொரு முறையும் புது வாஷர் போட்டால் அளவான இறுக்கத்திலேயே அது நசுங்கி அடைத்துக்கொள்ளும். நசுங்கிப்போன பழைய வாஷரைத் திரும்பப் போட்டுவிட்டு, ஒழுகுகிறது என்று இன்னும் இறுக்குவது, அடுத்த முறை அதைவிட இறுக்குவது. இப்படித்தான் மரை சாகிறது. வாஷர் விலை ஒரு பிளேன்டீ விலை கூட வராது. பையனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வண்டி இறங்கியது என்று மட்டும் எண்ணுகிற முதலாளியைத்தான் கேட்க வேண்டும்.

பில்டர் கதை இதைவிடக் கொடுமை. ரோட்ஸ்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பில்டர் இன்டேக் மேனிபோல்டுக்கு, அதாவது என்ஜினுக்குள் காற்றுப் போகிற குழாய்களுக்கு, அடியில் ஒளிந்திருக்கிறது. வலது முன் டயர் பக்கமாகக் கீழிருந்து கையை விட்டால் விரல் நுனிதான் எட்டும். இதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. ரப்பர் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று, அதுதான் முறை. கையால் இறுக்கியதைக் கையால் கழற்றலாம் என்று நம்பி அங்கே வைத்தார்கள். அந்த இடத்துக்குள் எதையோ நுழைத்து இறுக்கியிருக்கிறார்கள். பெல்ட் போட்டேன், வழுக்கியது. ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்பினேன், தகரம் கிழிந்ததே தவிர அசையவில்லை. கிழிந்த ஓட்டையால் சூடான கறுப்பு ஒயில் முழங்கை வழியாக அக்குள் வரைக்கும் ஓடியது. கடைசியில் கழன்றது. புது பில்டரின் ரப்பரில் ஒயில் தடவிக் கையால் பூட்டினேன்.

இதையெல்லாம் எங்கே படுத்துச் செய்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். மலைநாட்டில் மட்டமான தரை சும்மா கிடைக்காது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டுக்களம் இருக்கிறது, கொழுந்து நிறுக்கிற மடுவத்து வாசல் இருக்கிறது, மற்றதெல்லாம் சரிவு. சரிவில் நிறுத்தினால் பழைய ஒயில் முழுதாக இறங்காது. காருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி கூட இல்லை. சாதாரண ட்ரொலி ஜக் உள்ளே போகாததால் முதலில் ரயில் பாதைச் சிலிப்பர் கட்டை மேல் டயரை ஏற்ற வேண்டும். மழை பெய்த மண்ணில் ஸ்டாண்ட் புதையும், அதற்கு அடியில் இரும்புத் தகடு. பின் டயருக்குக் கட்டை. இத்தனையும் நான் மனதாரச் செய்வேன், இது என் கார். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். ஸ்டாண்ட் இல்லாமல் யாரும் கீழே போகாதீர்கள்.

ஸ்டிக்கரில் ஒயில் வகையும் எழுதியிருந்தது. 20டபிள்யூ-50. லொறிக்கும் அதுதான், வேனுக்கும் அதுதான், இதற்கும் அதுதான். “பழைய வண்டிக்குக் கட்டியான ஒயில்தான் நல்லது” என்று ஒரு பேச்சு. நுவரெலியாவில் தை மாதம் புல்லில் உறைபனி படிகிறது. எங்கள் பக்கமும் விடியற்காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறது. அந்தக் குளிரில் கட்டி ஒயில் மேலே ஏற நேரம் எடுக்கும். இந்த என்ஜினில் வால்வு பக்கம் ஒயில் அழுத்தத்தால் வேலை செய்கிற ஹைட்ராலிக் லிஃப்டர் இருக்கிறது, ஒயில் நிறைந்தால்தான் சத்தம் அடங்கும். தினமும் காலையில் டிக் டிக் டிக். பழைய சொந்தக்காரர் என்ஜின் போய்விட்டது என்று பயந்தே விற்றிருக்கிறார்! நான் ஊற்றுவது அதைவிட இளக்கமான 10டபிள்யூ-30. நான்கு லீற்றர் கலன் ஒன்று வாங்கினால் மிச்சம் இருக்கும்.

கழற்றிய பழைய ஒயிலை என்ன செய்வது? டவுனில் விசாரித்தேன். “கான்ல ஊத்துங்க அண்ணே, மழைக்குப் போயிரும்.” எங்கே போகும்? தலவாக்கலை வடிகானில் ஊற்றினால் கொத்மலை ஓயாவுக்குப் போகும், மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகும், அங்கிருந்து மகாவலிக்குப் போகும். கண்டியில் அந்தத் தண்ணீரைத்தான் சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். என் வீட்டில் பழைய ஒயில் கலனில் மூடிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு மாமா மாட்டுக் கொட்டில் மரத்துக்குக் கறையானுக்காகப் பூசக் கேட்கிறார், அதுவும் மழையில் கழுவிப் போகும் என்று கொடுக்கவில்லை. இத்தனை வாகனம் ஓடுகிற மாவட்டத்தில் ஒவ்வொரு டவுனிலும் பழைய ஒயிலைச் சேர்க்க ஒரு பீப்பாய் வைக்க முடியாதா?

அடுத்த முறை வண்டியை சர்விஸுக்கு விட்டால் தயவுசெய்து டீ குடிக்கப் போகாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். புது வாஷர் போடச் சொல்லுங்கள். நட்டை முதலில் விரலால் சுற்றி ஏற்றுகிறார்களா என்று பாருங்கள். கன்னை எடுத்தால் “வேண்டாம் தம்பி, ஸ்பானரால இறுக்கு” என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். காசு கொடுப்பது நீங்கள்.