எந்த வருஷம்னு முதல்ல சொல்லுங்க

அந்த கிளாசிக் கார் ஷோ டீ-ஷர்ட் படம் இந்நேரம் உங்கள் எல்லோருக்கும் வந்திருக்கும். பேசாமல் கடந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். 'செம விண்டேஜ்' என்று வரிசையாக ஹார்ட் விழுவதைப் பார்த்தபிறகு முடியவில்லை.

மேலே '1950-கள்' என்று எழுதியிருக்கிறது. கீழே நிற்பது முதல் தலைமுறை ஃபோர்டு மஸ்டாங் கார். அந்த வண்டி வெளிவந்ததே 1964 ஏப்ரலில். டயரில் அகலமான வெள்ளைப் பட்டை. அமெரிக்க வண்டிகளில் அந்தப் பட்டை 1962 வாக்கிலேயே மெலிந்துவிட்டது. எழுத்தோ 70-களின் தடித்த, உப்பிய எழுத்து. ஒரே நெஞ்சில் மூன்று பத்தாண்டுகள்!

பழைய லுக் என்பது ஒரு மூடு இல்லைங்க, ஒரு வருஷம். வருஷத்தை முடிவு செய்தால் பாதி டிசைன் தானாக வந்துவிடும். 1959 என்றால் கேடிலாக் காரின் உயர்ந்த வால் துடுப்பும் அதில் துருத்தி நிற்கும் இரட்டை விளக்கும் இருக்கிறது. ஹெட்லைட் பக்கத்துக்கு இரண்டு. 1955 என்றால் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றுதான். வருஷம் தெரியாதவர்கள்தான் பழுப்பு நிறத்தைக் கொட்டி, மேலே விரிசல் டெக்ஸ்சரைப் போட்டு மூடுகிறார்கள்.

"இதையெல்லாம் யாருங்க பார்க்கப் போறாங்க?" கார் ஷோவுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள்! ஹப் கேப்பை (சக்கரத்தின் நடு மூடி) வைத்தே வருஷம் சொல்கிற கூட்டம் அது.

"பட்ஜெட் இல்லை" என்பது அடுத்த சமாதானம். ஸ்கிரீன் பிரிண்டிங் என்பது வலைச் சட்டம் (ஸ்கிரீன்) வழியாக மையைத் துணியில் இறக்குவது; அதில் கலருக்கு ஒரு ஸ்கிரீன். அவர்கள் போட்டது ஆறு கலர். இரண்டு கலரும் துணியின் நிறமும் போதும். செலவு குறையும், பழைய போஸ்டர் தோற்றமும் வரும். கறுப்புத் துணியில் பிளாஸ்டிசால் (சூட்டில் இறுகும் பிளாஸ்டிக் மை) அடித்தால் அடியில் வெள்ளை மை வேண்டும், அதற்கும் ஒரு ஸ்கிரீன். வெளிர் துணியை எடுத்தால் அதுவும் மிச்சம்.

விரிசல் விஷயத்துக்கு வருவோம். டெக்ஸ்சரின் பொடிப் புள்ளிகள் ஸ்கிரீனில் நிற்காது, மை அடைத்துக்கொள்ளும். சின்ன எழுத்தின் மேல் அதைப் போட்டால் எழுத்தைத் தின்றுவிடும். நிஜமாகவே நைந்த தோற்றம் வேண்டுமா? அடி வெள்ளை இல்லாமல், 230 மெஷ்ஷில் (அங்குலத்துக்கு 230 இழை ஓடும் நெருக்கமான வலை) மெல்லியதாக ஒரே தடவை மை இழுத்தால் போதும். அவ்வளவுதான். ஒரே துவைப்பில் மை பாளம் பாளமாக வெடித்ததே, அது டிசைன் இல்லை. பெரும்பாலும் சூடு பற்றாத கோளாறு. பிளாஸ்டிசால் மை அடிவரைக்கும் சுமார் 160 டிகிரி செல்சியஸ் எட்டவேண்டும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். ஆறியபிறகு இழுத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

தொப்பியைப் பற்றிச் சுருக்கமாக: எம்பிராய்டரியில் 5 மில்லிமீட்டருக்குக் கீழே எழுத்து வைத்தால் நூல் கட்டிதான் மிஞ்சும். தொப்பியில் ஷோ நடக்கும் வருஷமும் போடாதீர்கள், மிஞ்சியதை அடுத்த ஷோவில் விற்க முடியாது. அந்த வருஷம் டாஷ் பிளேக்கில் (ஷோ நினைவாகத் தரும் சின்னத் தகடு) இருக்கட்டும், அதைத்தான் சேர்த்து வைக்கிறார்கள். டீ-ஷர்ட்டில் வேண்டுமென்றால் வருஷத்துக்குத் தனி ஸ்கிரீன், அடுத்த முறை அதை மட்டும் மாற்றலாம்.

கம்பெனி லோகோவை அப்படியே எடுத்துப் போட்டவர்களுக்கு உரிமை, அனுமதி என்று ஒன்று இருப்பதையும் யாராவது சொல்லுங்கள்.

"ஏஐ ரெண்டு நிமிஷத்துல போட்டுக் கொடுக்குதே!" கொடுக்கும். ஸ்போக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிய சக்கரத்தோடு கொடுக்கும். வெக்டரும் (பெரிதாக்கினாலும் உடையாத கோட்டுப் படம்) இல்லாமல், கலரும் பிரிக்காமல் வருவதை உட்கார்ந்து திருத்துவது யார்? "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்குது" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

ஒழுங்காக வருஷம் பார்த்து வரைந்து கொடுத்தால் "ரொம்ப சுத்தமா இருக்கு, பழசாத் தெரியல" என்கிறார்கள். ஷோரூமில் நின்றபோது அந்த வண்டி சுத்தமாகத்தான் இருந்தது சார்! பாலீஷுக்கும் குரோமுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறவர்கள், ஆர்ட்வொர்க் என்று வந்தால் மட்டும் "நம்ம ஷோதானே, சும்மா போட்டுக் கொடுங்க". பிரிண்டரிடம் இப்படிக் கேட்பார்களா? கேட்கமாட்டார்கள். அவர் அட்வான்ஸ் வாங்காமல் ஸ்கிரீனே போடமாட்டார்.

அடுத்த ஷோவுக்கு யாராவது கேட்பதாக இருந்தால் வண்டியின் வருஷம், துணியின் நிறம், எத்தனை கலர், எத்தனை பீஸ், எவ்வளவு தருவீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். 'ஏதாவது பழசா' என்று வருகிற மெசேஜுக்கு இனி பதில் கிடையாது.