பாறைப் படலத்தைச் சுரண்டாதீர்கள்

பனிப்பாறை விலகிய வெற்றுத் தரையில் செடிகளுக்கு முன்பே நீலப்பச்சைப் பாசிகள் குடியேறி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணை வளமாக்குகின்றன என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. நீலகிரியில் பனிப்பாறை இல்லை. ஆனால் 2009 நவம்பர் மழையில் சரிந்தவை போன்ற சரிவுகள் உண்டு. மேல்மண் போன இடத்தில் இந்தப் பாசிகள் படர்ந்தால், அவற்றின் பசை மண்துகள்களைக் கோத்துப் பிடிக்கும். கோத்தகிரிச் சாலையோரம் அந்தப் படலத்தை அழுக்கென்று மண்வெட்டியால் வழிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பாறைகளில் படரும், பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன்களும் அப்படித்தான், அமிலம் சுரந்து மிக மெதுவாகக் கல்லை அரித்து மண்ணாக்குபவை. அவற்றின் மேல் பெயரைக் கீறிவிட்டுப் போகிறார்கள்! சரிவுகளில் சோலைக்காட்டு மர நாற்று நடுபவர்கள், குழியில் பக்கத்துச் சோலை மண்ணைக் கைப்பிடியாவது போடட்டும். வேர்களுக்குத் துணையாகும் பூஞ்சைகள் அதில் இருக்கின்றன.