வாண்ட் என்றால் வேண்டும் இல்லையாம்

அமெரிக்காவில் மேற்படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் ஜிஆர்இ தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி அதன் மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி. விமர்சகர் ஒருவர் ஒரு நாவலுக்குக் 'குவாலிஃபைடு' பாராட்டு கொடுத்தாராம். சரி, தகுதியான பாராட்டுதானே என்று விடையைத் தட்டினேன். தப்பு. "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று இழுக்கிற பாராட்டுக்குத்தான் அந்தப் பெயராம். எட்டு வருஷமாக பெங்களூரில் இங்கிலீஷில் மெயில் எழுதி, இங்கிலீஷிலேயே திட்டு வாங்கிப் பிழைக்கிறவன் நான்.

தெரியாத சொல்லில் மார்க் போனால் கோபம் வராது. 500டி பஸ் பெல்லந்தூரில் நகராமல் நிற்கும்போதெல்லாம் சொல்லும் பொருளும் எழுதிய அட்டையைப் புரட்டி மனப்பாடம் செய்துவிடலாம். காலை வாருவது தெரிந்த சொற்கள்தான். வாண்ட் என்றால் இல்லாமை. ஃபிளாக் என்றால் சோர்ந்து போவது. எனர்வேட் என்று ஒன்று, கேட்டால் எனர்ஜிக்குத் தம்பி மாதிரி இருக்கும். இருக்கிற தெம்பையும் உறிஞ்சுவதுதான் அதன் வேலை. சாங்ஷன் என்றால் அனுமதி, தண்டனையும் அதுவே. நம் நாடாளுமன்றத்தில் அறிக்கையை டேபிள் செய்தால் அவையில் வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அமெரிக்காவிலோ தள்ளிப்போட்டுவிட்டார்கள்!

மார்க் போடுகிற அழகு இன்னும் மோசம். மூன்று கோடிட்ட இடம், ஒவ்வொன்றுக்கும் மூன்று சொல். இரண்டைச் சரியாக நிரப்பி ஒன்றில் சறுக்கினால் பூஜ்யம். அரை மார்க், கால் மார்க் பேச்சே இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார்கூட, விடை தப்பானாலும் வழிமுறைக்கு இரண்டு மார்க் போடுவார். முதல் பகுதியில் 12 கேள்விக்கு 18 நிமிடம். அதில் தடுமாறினால் அடுத்த பகுதி எளிதாக வரும். எளிதாக வந்ததே என்று சந்தோஷப்படவும் முடியாது, மேலே ஏற முடியாமல் ஸ்கோர் அங்கேயே முட்டிக்கொள்ளும்.

பத்தியைப் படித்து விடை சொல்லும் கேள்விகளைக் குறை சொல்ல மாட்டேன். மேற்படிப்புக்குப் போகிறவனுக்கு அது வேண்டியதுதான். ஆனால் இந்தச் சொல் விளையாட்டு எதற்கு? ஒரு அமெரிக்கரை உட்கார வைத்து 'படி' என்று ஒரே ஒரு சொல்லைக் கொடுத்துப் பார்க்க ஆசை. வாசிக்கிற படியா, ஏறுகிற படியா, அரிசி அளக்கிற படியா, பஞ்சப்படியா, சொன்னபடி செய்கிற படியா? ஒன்றரை நிமிடம். தப்பானால் பூஜ்யம்.

கொரோனாவுக்கு அப்புறம் எத்தனையோ பல்கலைக்கழகங்கள் ஜிஆர்இ வேண்டாம் என்று விட்டுவிட்டன. எனக்குப் பிடித்த துறை மட்டும் விடாமல் கேட்கிறது. இன்னொரு முறை எழுதினால் மறுபடி 20,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். அதோடு, பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் இருக்க வேண்டும் என்று இனிஷியலை விரித்து எழுதப்போய், பயிற்சி ஆப் என்னை அப்பா பெயரிலேயே கூப்பிடுகிறது. நான் போடுகிற ஒவ்வொரு தப்புக்கும் "இன்னும் முயற்சி செய்யுங்கள்" என்று அப்பாவுக்கு அறிவுரை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் கேட்டாள்: "எல்கேஜியில ஆரம்பிச்சது, இன்னுமாடா இங்கிலீஷ் படிக்கிற?"

வெர்பல், அதாவது இந்த இங்கிலீஷ் பகுதியில், 149 என்று அம்மாவிடம் சொன்னேன். நூற்றுக்கு மேலேயே வாங்கிவிட்டேன் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டாளாம்.