"வீட்டிலேயே இருங்கள்" என்கிறார்களே, யார் வீட்டில்?

புகைமூட்டம் வந்ததும் எல்லாரும் சொல்லும் அறிவுரை, வெளியே போகாதீர்கள் என்பது. கோலாலம்பூரில் செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கத்துப் பழைய அடுக்குமாடிகளின் சமையலறைச் சன்னலைப் பார்த்திருக்கிறீர்களா? சாய்வாக அடுக்கிய கண்ணாடிப் பட்டைகள். பிடியை இழுத்து மூடினாலும் இடையில் விரல் நுனி நுழையும். அங்கே பழைய நாளிதழைச் சுருட்டிச் செருகுகிறார்கள், கதவடியில் ஈரத் துண்டைப் போடுகிறார்கள். புகையில் மிதக்கும் பிஎம் 2.5 என்னும் நுண்துகள், தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அதற்கு நாளிதழ் எம்மாத்திரம்?

2005இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். 2013இல் மூவாரில் 746. 2015, 2019 இரண்டிலும் பள்ளிகளை மூடினார்கள். இந்தோனேசியாவின் சுமத்ராவில் வடிகால் வெட்டி உலரவிட்ட சதுப்பு நிலம் தீப்பிடித்து மண்ணுக்கடியில் புகைகிறது. தென்மேற்குக் காற்று அதை நம் தலையில் கொண்டுவந்து கொட்டுகிறது. இதைத் தடுப்பதற்கான ஆசியான் (தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) ஒப்பந்தம் 2002இல் நம் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. இந்தோனேசியா அதை ஏற்று உறுதிப்படுத்தியது 2014இல். இந்த வேகத்தை நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

நம் சங்கங்கள் முகக்கவசம் வழங்குகின்றன, நல்ல மனம்தான். ஆனால் பெட்டி பெட்டியாக வருவது மெல்லிய நீலக் கவசம். நுண்துகளைத் தடுப்பது முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 வகைக் கவசம். (வழங்கும்போது எடுக்கிற படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.)

அந்தப் பணத்தில் கோயில் மண்டபத்திலோ சமூகக் கூடத்திலோ ஓர் அறையைச் சந்துபொந்தில்லாமல் அடைத்து, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வைக்கலாம். இளைப்பு நோய் உள்ள பிள்ளைகள், முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் அங்கே வந்து இருக்கட்டும். குறியீடு 200ஐத் தாண்டினால் பள்ளியை மூடிப் பிள்ளையை அனுப்புகிறோம். நாளிதழ் செருகிய அதே வீட்டுக்குத்தான் அனுப்புகிறோம். பள்ளி வாசலில் நிற்கும் காவலர் அண்ணனுக்கோ அதுவும் இல்லை. எந்த எண்ணைத் தொட்டால் அவரை உள்ளே வந்து உட்காரச் சொல்வோம்?

இதை எங்கள் குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். "மின்கட்டணத்தை யார் கட்டுவது?" என்றார் பொருளாளர். நியாயமான கேள்விதான். தீபாவளி விருந்துக்கு ஒலிபெருக்கி வாடகையை யார் கட்டுகிறார்களோ, அவர்களே கட்டட்டும் என்றேன்.