தேர்தலில் நிற்காமலே நிதியமைச்சரா? ஜெயந்த் சின்ஹா பற்றிய தகவல் தவறு

நெல்லை, பாளையங்கோட்டை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “இன்ஜினியர் ஜெயந்த் சின்ஹா மெக்கின்சி ஆலோசகர் வேலையை விட்டதும், தேர்தலில் நிற்காமலே நாட்டின் நிதியமைச்சர் ஆனார்.” படிப்பும் ஆலோசகர் வேலையும் சரி. மற்றவை தவறு.

டெல்லி ஐஐடியில் பி.டெக்., ஹார்வர்டில் எம்.பி.ஏ. முடித்த அவர் மெக்கின்சியில் பங்குதாரராக இருந்தார். பிறகு ஒமிடியார் நெட்வொர்க் என்ற முதலீட்டு நிறுவனத்தின் இந்தியப் பிரிவை நடத்தினார். 2014 மக்களவைத் தேர்தலில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில் நின்று ஜெயித்தார். அந்த நவம்பரில் கிடைத்தது நிதித்துறை இணையமைச்சர் பதவி. அப்போது நிதியமைச்சர் அருண் ஜேட்லி. 2016 ஜூலையில் விமானப் போக்குவரத்துத் துறைக்கு மாற்றப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன் நிதியமைச்சராக இருந்தவர் ஜெயந்த்தின் அப்பா யஷ்வந்த் சின்ஹா. குழப்பம் அங்கிருந்தே வந்திருக்கலாம்.

எம்.பி. ஆகாமலே அமைச்சராகப் பதவியேற்க அரசியலமைப்பின் 75(5) பிரிவு இடம் தருகிறது, ஆனால் 6 மாதத்துக்குள் ஏதாவது ஒரு அவையில் உறுப்பினராக வேண்டும். மன்மோகன் சிங் 1991 ஜூனில் அப்படித்தான் நிதியமைச்சரானார். அக்டோபரில் அசாமிலிருந்து மாநிலங்களவைக்கு வந்தார். மாநில அமைச்சர்களுக்கு இதே விதி 164(4) பிரிவில் இருக்கிறது. கெடு முடிந்ததும் ராஜினாமா செய்து, தேர்தலில் ஜெயிக்காமலே மறுபடி பதவியேற்கும் தந்திரம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் சொல்லிவிட்டது.

சரிபார்க்க, தேர்தல் ஆணையத் தளத்தில் வேட்பாளரின் பிரமாணப் பத்திரமான படிவம் 26-ஐத் திறக்கலாம். உயர்ந்தபட்சப் படிப்பு, கல்லூரி, முடித்த ஆண்டு எல்லாம் அதில் உண்டு. தேர்தல் ஆண்டைப் பார்த்துத் திறவுங்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் தனிப் பிரமாணப் பத்திரம். தொழில் என்ற இடத்தில் அப்போதைய தொழிலைத்தான் எழுதுவார்கள், பழைய கம்பெனிப் பெயரை அங்கே தேடிப் பயனில்லை.