48 பல் வேண்டும்

திருவான்மியூரில் ஒரு சைக்கிள் கடை. ஞாயிற்றுக்கிழமை காலை. ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்த் திரும்பிய சைக்கிள் கூட்டமெல்லாம் இட்லிக் கடைக்குள் நுழைந்துவிட்டது. ஒருவர் மட்டும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் 21 கியர் எம்.டி.பி.யை, அதாவது மலை சைக்கிளை, உருட்டிக்கொண்டு வருகிறார். உள்ளே மெக்கானிக் ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருக்கிறார்.

சார்: அண்ணே, கிராங்க் செட் மாற்றணும், பெடலோடு சுற்றுகிற இந்த முன்பக்கச் செயின் வீல். 48 பல் போட்டுக் கொடுங்க.

மெக்கானிக்: இருக்கிற பல்லுக்கு என்ன சார் கேடு?

சார்: இருப்பது 42தான். இது மலைக்குச் செய்த வண்டி, நான் ஓட்டுவதோ ரோட்டில். 25 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் பெடல் சும்மா சுற்றுகிறது. காலுக்கு ஒன்றுமே அகப்படவில்லை.

மெக்கானிக்: மலைக்கு எப்போதாவது போயிருக்கீங்களா?

சார்: ஆபீஸ் பேஸ்மென்டில் ஒரு ஏற்றம் இருக்கு.

மெக்கானிக்: சரி. 48 போடலாம். ஆனா அது தனியா வராது சார். செயின் வீல் பெரிசானா பின்சக்கரத்துக்குப் போகிற குழாயில் உரசும். உரசாமல் தள்ளி நிற்க நடு ஆக்சிலை நீளமானதாக மாற்றணும். செயின் பத்தாது, அதுவும் புதுசு. செயினை வீலுக்கு வீல் தள்ளுகிற முன் டெரெய்லரை மேலே ஏற்றணும். பல்லுக்கும் அதுக்கும் நடுவே 2, 3 மில்லிதான் இடைவெளி இருக்கலாம். அதன் வளைவு 42-க்கு வார்த்தது. 48-க்கு ஒத்துவரவில்லை என்றால்...

சார்: அதுவும் புதுசு.

மெக்கானிக்: கற்பூரம் சார் நீங்க.

சார்: பரவாயில்லை. 6,500 ரூபாய் வீட்டில் சாங்ஷன் ஆகிவிட்டது. பாதி வேலையை நானே முடித்துக் கொண்டுவரலாம் என்றுதான் பார்த்தேன். வலது பெடல் கழன்றது. இடது பெடல் மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது.

மெக்கானிக்: எந்தப் பக்கம் திருப்பினீங்க?

சார்: உலகத்தில் எல்லா நட்டையும் எந்தப் பக்கம் திருப்பிக் கழற்றுவார்களோ, அந்தப் பக்கம்.

மெக்கானிக்: இடது பெடலுக்கு எதிர் மரை சார். இவ்வளவு நேரமும் இறுக்கியிருக்கீங்க.

சார்: ஒன்றரை மணி நேரம். மச்சினனும் ஒரு கை கொடுத்தான்.

மெக்கானிக்: அப்ப இந்தப் பெடல் இந்தக் கிராங்கைவிட்டு இனி எங்கேயும் போகாது. அதை விடுங்க. திடீர்னு இந்த 48 ஆசை எப்படி வந்தது?

சார்: (குரலைத் தாழ்த்தி) யாரிடமும் சொல்லாதீங்க. இன்று காலை நீலாங்கரை தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். மீன் விற்கிற பெரியவர் ஒருவர், கேரியரில் ஐஸ் பெட்டி, காலில் ரப்பர் செருப்பு. என்னை முந்திப் போனார்.

மெக்கானிக்: போகட்டுமே.

சார்: மணி அடித்துவிட்டு முந்தினார்.

மெக்கானிக்: நீலப் பெட்டியா? அது நம்ம கடை வண்டிதான் சார். முன்னாடி 44 பல், பின்னாடி 18. கியர் கிடையாது. பிரேக்கும் பாதிதான் இருக்கு.

சார்: பார்த்தீங்களா! அவருக்கு 44, எனக்கு 42. அங்கேதான் அடி வாங்குகிறேன்.

(மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வருகிறார். உட்கார்ந்து முன்பக்கச் செயின் வீலைப் பார்க்கிறார். விரலால் தடவுகிறார். விரலை முகர்ந்தும் பார்க்கிறார்.)

மெக்கானிக்: வண்டி எப்போ வாங்கினது?

சார்: போன தீபாவளிக்கு.

மெக்கானிக்: பெரிய வீலில் கம்பெனி தடவின கிரீஸ் அப்படியே இருக்கு சார். பல்லில் பெயின்ட்கூடப் போகலை. முன்னாடி இருக்கிற மூணு வீலை மாற்றுகிற இடது கை லிவர் எதில் நிற்கிறது?

சார்: 2-ல். எப்போதும் 2-ல்தான்.

மெக்கானிக்: 3?

சார்: 3 கஷ்டமான மலைக்குத்தானே? தவிர, வாங்கின புதிதில் ஒரு தடவை போட்டேன். கடகட என்று ஒரு சத்தம். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

மெக்கானிக்: மலைக்கு 1 சார். 3-தான் ரோட்டுக்கு. கேபிள் தளர்ந்து செயின் மேலே ஏற முடியாமல் கத்தியிருக்கு. கால்குலேட்டர் இருக்கா? உங்கள் நடு வீல் 34, பின்னாடி சின்னது 14. வகுங்க, பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் எத்தனை சுற்று என்று தெரியும்.

சார்: 2.43.

மெக்கானிக்: இப்ப 44-ஐ 18-ஆல் வகுங்க.

சார்: 2.44.

(தெருவில் ஒரு ஆட்டோ போகும் அளவுக்கு மௌனம்.)

மெக்கானிக்: அவர் சக்கரம் 28 இஞ்ச், உங்களுது 26. அதையும் சேர்த்தால் ஒரு மிதிக்கு அவர்தான் அதிக தூரம் போகிறார்.

சார்: அப்ப மிச்ச 20 கியரும்?

மெக்கானிக்: காசு கொடுத்தீங்க, கூடவே வருது.

(கேபிளை இழுத்து முடுக்கி, பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, லிவரை 3-க்குத் தள்ளுகிறார். செயின் ‘டக்’ என்று பெரிய வீலில் ஏறுகிறது.)

மெக்கானிக்: 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. 25-ல் போகிற அதே மிதிக்கு இனி 30-க்கு மேல் போகலாம். 48 போட்டால் 35 வரும். ஆனா கடல் காற்று எதிரே அடிக்கும்போது அந்த 35-ஐ மிதிக்க யார் வருவா? அந்த மீன்காரரைத்தான் கூப்பிடணும்.

சார்: சரி, வேகத்துக்கு வேறு எதுவுமே செய்ய முடியாதா?

மெக்கானிக்: டயரைப் பாருங்க. கட்டை கட்டையா பட்டன். சேற்றுக்கு நல்லது. தார் ரோட்டில் ‘ஙொய்’ என்று கத்திக்கொண்டே உங்கள் பலத்தை எல்லாம் தின்னுடும். ஒன்றரை இஞ்சில் வழவழப்பான டயர் ஜோடி போட்டு, அதன் பக்கத்தில் எழுதியிருக்கிற அளவுக்குக் காற்று அடிங்க. சீட்டையும் கொஞ்சம் ஏற்றுங்க, முட்டி வாய்க்கு வருது. போதும்.

சார்: மொத்தம் எவ்வளவு?

மெக்கானிக்: டயர் ரெண்டும் சேர்த்து 2,000. கேபிள் டைட் பண்ணினதுக்கு 50.

சார்: ஐயோ! 6,500 ஆகும் என்று ஒரு மாதம் மன்றாடி வாங்கினேனே. 2,050 என்று போய் நின்றால் அடுத்த தடவை ஒரு மட்கார்டுகூடக் கிடைக்காது. அண்ணே, ரசீதில் ‘கிராங்க் செட், 48 பல்’ என்றே எழுதித் தர முடியுமா?

மெக்கானிக்: எழுதித் தரேன், எனக்கென்ன? வீட்டம்மா வந்து பல்லை எண்ணிப் பார்த்தால்?

சார்: எண்ண மாட்டாள்.

மெக்கானிக்: என்ன வேலை பார்க்கிறாங்க?

சார்: ஆடிட்டர்.

மெக்கானிக்: 2,050 சார்.